சர்ட்டிபிகேட் இல்லாமல் வருகிறவன்

பொள்ளாச்சி பஸ் ஈச்சனாரி வேகத்தடையில் ஏறி இறங்கியபோதுதான் தமயந்திக்கு அந்த இரண்டாவது சொல் ஞாபகம் வந்தது. அதுவரை நன்றாகத்தான் இருந்தாள். ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கென்று கட்டிய பட்டுப்புடவை இன்னும் கசங்கவில்லை. புருஷனும் பெண்ணும் காலையிலேயே பைக்கில் போய்ச் சேர்ந்து, அங்கே பாயசம் ஆறிக்கொண்டிருக்கிறது என்று போட்டோவும் அனுப்பியாகிவிட்டது. பத்து நிமிஷம் முன்னால், உக்கடத்தில் வண்டி கிளம்பும்போது, வெள்ளிங்கிரி கூப்பிட்டிருந்தார். காரமடைக்கு அந்தப் பக்கம் வேப்பம்பள்ளம் குடிநீர் நிலையத்தில் ஃபிட்டர். "மேடம், மோட்டாரைப் போன்லயே பூட்டிட்டேனுங்க. தண்ணி ஒழுகுது, ஷாஃப்டைச் சுத்தித் தண்ணி ஒழுகாம அடைக்கற கிளாண்டுக் கயிறு மாத்தோணும். மோட்டார் குழிக்குள்ள எறங்கறேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கலாம்னு கூப்பிட்டேனுங்க" என்றார். "தாராளமா எறங்குங்கண்ணா, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னாள் தமயந்தி. தாராளமா. ஒண்ணும் ஆகாது. டிக்கெட்டை வாங்கி வளையலுக்குள் சொருகிக்கொண்டே சொன்னாள். யோசித்தா சொன்னாள்? வாய் சொன்னது. இப்போது அந்தச் சொல் போய், வேறொரு சொல் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது சொல். அதைத் திரும்பப் போட்டோமா?

அவள் வேலை பார்க்கிற கம்பெனி கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கிறது. தண்ணீர் மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் பூட்டி வைக்கவும் ஒரு பெட்டி செய்கிறார்கள். பெட்டிக்குள் ஓடுகிற ப்ரோக்ராமை சி மொழியில் எழுதுகிறவள் தமயந்தி. கூட இருக்கிற இளசுகளுக்கு சி என்றால் கிழடு, பழைய பஞ்சாங்கம். ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் வேறெதுவும் நுழையாது என்பதால் அவளை விட்டால் ஆளில்லை. பெட்டி சர்வர், போன் கிளையண்ட். கிளையண்ட் வந்து தட்டினால் சர்வர் சும்மா திறந்துவிடக் கூடாது. உன் சர்ட்டிபிகேட்டைக் காட்டு என்று கேட்க வேண்டும், காட்டியதில் கம்பெனியின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ப்ரோக்ராமில் ஒரே ஒரு வரி, அந்த வரியில் இரண்டு சொல். முதல் சொல், வருகிறவனிடம் சர்ட்டிபிகேட் கேள் என்கிறது. இரண்டாவது சொல், அவன் எதுவும் தராவிட்டால் வெளியே அனுப்பு என்கிறது. இரண்டாவதை விட்டுவிட்டு முதல் சொல்லை மட்டும் எழுதினால் பொய்ச் சர்ட்டிபிகேட் கொண்டுவந்தவன் மாட்டிக்கொள்வான். ஒன்றுமே கொண்டுவராமல் கையை விரிக்கிறவன் ஜம்மென்று உள்ளே போய்விடுவான். கல்யாண மண்டபத்து வாசலில் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் சரி பரவாயில்லை, சாப்பிட்டுப் போங்க என்கிற கதைதான். சி மொழி இதைப் பிழை என்று சொல்லாது. திட்டாது, முறைக்காது. சொன்னதைச் செய்யும், சொல்லாததை ஏன் சொல்லவில்லை என்று கேட்காது. பதினாறு வருஷமாக அதனுடன் குடித்தனம் நடத்துகிறவளுக்கு அதன் குணம் தெரியாதா என்ன. தெரிந்தும்தான் புதன்கிழமை அந்த இரண்டாவது சொல்லை எடுத்தாள்.

எடுத்ததற்குக் காரணம் இருந்தது. வேப்பம்பள்ளத்தில் பெட்டியை மாட்டி, வெள்ளிங்கிரிக்குச் சொல்லிக்கொடுக்கப் போன அன்று அவர் போனுக்கான சர்ட்டிபிகேட் தயாராகவில்லை. அவர் துடைத்த கையும் குளித்த தலையுமாக வந்து நின்றார், ஏதோ பரீட்சைக்கு வந்தவர் மாதிரி. அவரைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. இன்றைக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்போம், நாளைக்குச் சாத்திக்கொள்ளலாம் என்று லேப்டாப்பைத் திறந்து, இரண்டாவது சொல்லைத் தூக்கிவிட்டு, பெட்டியில் ஏற்றினாள். பாடம் நடந்தது. ஓட்டு, நிறுத்து, பூட்டு. "இதுவரைக்கும் என்னண்ணா செஞ்சீங்க?" என்று கேட்டாள். "ஃப்யூஸ் கட்டையைக் கழட்டி வெச்சுட்டு எறங்குவேனுங்க." "இனிமே அந்தச் சிரமம் வேண்டாம்ண்ணா. போன்ல பூட்டினாப் போதும். நான் கேரண்டி." நான் கேரண்டி. அவர் தலையை ஆட்டினார். சொன்னால் கேட்கிற மனுஷன். கேட்காத மனுஷனாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சரி, வியாழக்கிழமைக்கு வருவோம். வியாழக்கிழமை அவர் போனுக்குச் சர்ட்டிபிகேட்டை அனுப்பிவிட்டு, ஆபீசில் இரண்டாவது சொல்லைத் திரும்ப அடித்தாள். அடித்த ஞாபகம் விரலில் இருக்கிறது. நீளமான சொல், எல்லாம் பெரிய எழுத்து, நடுவில் நடுவில் அடிக்கோடு, வலது கைச் சுண்டுவிரல் வலித்தது. ஆனால் எங்கே அடித்தாள்? ஒரே மாதிரி இரண்டு ஃபோல்டர், ஒன்று வேப்பம்பள்ளத்துக்கு, ஒன்று அடுத்த மாசம் போகப்போகிற இன்னொரு நிலையத்துக்கு. இரண்டிலும் அதே கோப்பு, அதே வரி, அதே எண். அடித்துக்கொண்டிருக்கும்போது யாரோ பிறந்தநாள் என்று அல்வா கொண்டுவந்து நீட்டினார்கள், நெய்க்கையை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டு திரும்பியபோது திரையில் எந்த ஃபோல்டர் இருந்தது? அல்வா ஞாபகம் இருக்கிறது. முந்திரி இருந்தது. ஃபோல்டர் ஞாபகம் இல்லை. பிறகு சாயங்காலம் ஆபீசிலிருந்தே வேப்பம்பள்ளத்துப் பெட்டியில் கடைசிப் பதிப்பை ஏற்றினாள். எந்த வரியோடு ஏற்றினாள், ஒரு சொல்லோடா இரண்டோடா, அந்த இடத்துக்கு வரும்போது மனசு ஊசி தேய்ந்த ரிக்கார்டு மாதிரி குதித்து மறுபடி அல்வாவுக்கே போகிறது.

அதுகூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை போய்ப் பார்த்துச் சரி செய்துகொள்ளலாம், வேப்பம்பள்ளத்து மோட்டாரைத் தேடி எவன் வரப்போகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒருத்தன் வருவான். பன்னிரண்டு மணிக்கு வருவான். அவனைச் செய்து அனுப்பியதும் அவள்தான். நிலையத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்னால், முன்பின் தெரியாதவன் வந்தால் பெட்டி மறுக்கிறதா என்று ஏழு நாள் பட்டியல் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். அதற்காக ஆபீஸ் லேபில் ஒரு கம்ப்யூட்டர், தினம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, கையில் சர்ட்டிபிகேட் எதுவுமில்லாமல் போய்ப் பெட்டியைத் தட்டும். திறந்தால் பூட்டை எடு, மோட்டாரை ஓட்டு என்று சொல்லும். பெட்டி மறுக்க வேண்டும், மறுத்ததை எழுதி வைக்க வேண்டும். நேற்று, வெள்ளிக்கிழமை, கிளம்புகிற அவசரத்தில் அது தட்ட வேண்டிய பெட்டிகளின் வரிசையில் வேப்பம்பள்ளத்தின் பெயரைச் சேர்த்தவள் தமயந்தி. இன்றைக்கு முதல் நாள். முதல் தட்டு. உள்ளே வந்தவனிடம் திரும்பத் திரும்ப யார் என்று கேட்க வேண்டாம், வாசலில் கேட்டால் போதும் என்று முடிவெடுத்ததும் அவள்தான்; பெட்டி சின்னது, நினைவகம் போதாது. ஆகவே வாசலைத் தாண்டிவிட்டால் அவன் வைத்ததுதான் சட்டம். குழிக்குள் வெள்ளிங்கிரி, சுழல்கிற இடத்தை மறைக்கிற கப்ளிங் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஷாஃப்டைச் சுற்றிப் பழைய கயிற்றைக் கொக்கியால் இழுத்துக்கொண்டிருப்பார். அவருடைய பத்து விரலும் அங்கே இருக்கும். தமயந்தி மணி பார்த்தாள். பதினொன்று இருபத்து நான்கு.

ஆனால் இவள் பயத்தை எந்த அளவுக்கு நம்புவது? இதுதான் தமயந்தியின் சங்கடம், இதை ஊரே அறியும். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்தவள். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை போய், மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பவள். பெண்ணுக்கு லேசாக இருமல் வந்தால் நடுநிசி ஆஸ்பத்திரி வரைக்கும் மனசால் போய்த் திரும்பியவள். "உனக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கலேன்னா, ஏன் கிடைக்கலேன்னு பயப்படுவே" என்பான் புருஷன். கேஸ் ஒரு தடவைகூடத் திறந்திருந்ததில்லை. பூட்டு ஒரு தடவைகூடத் திறந்திருந்ததில்லை. பெட்டிக்குத்தான் வாசலில் நிறுத்திக் கேட்கிற வரி எழுதினாளே தவிர, அவள் மனசுக்கு யாரையும் நிறுத்திக் கேட்கிற பழக்கம் கிடையாது. எந்தப் பயம் வந்தாலும் வா, உட்கார், காபி சாப்பிடு என்று நடுக்கூடத்தில் நாற்காலி போட்டுவிடும். அப்படி வந்து உட்கார்ந்திருக்கிற ஆயிரம் பயத்தில் இது நிஜமா என்று எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? எல்லாவற்றுக்கும் முகம் ஒன்று, குரல் ஒன்று. போன வாரம்கூட ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வெள்ளிங்கிரியை நான்கு தடவை கூப்பிட்டுத் தொந்தரவு செய்தாள். "மேடம், நீங்க நிம்மதியா இருங்க" என்று அவரே தைரியம் சொன்னார். இப்போது மறுபடி கூப்பிட்டால் என்ன நினைப்பார்? நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. குழிக்குள் இருப்பார். கிரீஸ் படும் என்று சட்டையைக் கழற்றி மேலே ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவார், போன் சட்டைப் பையில் இருக்கும். அதை அவளே பார்த்திருக்கிறாள். மறுபடி கூப்பிட்டாள். பஸ் ஒத்தக்கால்மண்டபத்தில் நின்று, இறங்குகிறவர்களை இறக்கி, ஏறுகிறவர்களை ஏற்றி, யாரோ விட்டுவிட்டு ஓடிய பையைத் திருப்பிக் கொடுத்து, இவ்வளவு நிதானமாகக் கூட ஒரு பஸ் போகுமா என்கிற மாதிரிப் போனது.

மேனேஜர் சந்தானத்தைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியில் சொன்னது. பழனி மலை ஏறிக்கொண்டிருப்பார், மாசத்தில் இரண்டாவது சனிக்கிழமை அவருக்கு அதுதான் வேலை. லேப்டாப் வீட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது, மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்த பூட்டு. கையிலிருக்கிற போனில் ஆப் இருக்கிறது, ஆனால் அதில் வேப்பம்பள்ளத்துச் சர்ட்டிபிகேட் இல்லை. சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் ஆப் வாசல்வரைகூடப் போகாது, தானே நின்றுகொள்ளும், அவ்வளவு ஒழுக்கம்; புதன்கிழமை பாடத்துக்காக வெள்ளிங்கிரி போனில் மட்டும் அந்த ஒழுக்கத்தைத் தளர்த்தியிருந்தாள். ஆபீஸ் எண்ணுக்கு அடித்தாள். வாட்ச்மேன் ஆறுச்சாமி எடுத்தார். "ஆறுச்சாமியண்ணா, நான் தமயந்தி பேசறேன். லேப்ல ஜன்னல் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கும். அதை அணைக்கணும். உடனே." "லேப் பூட்டியிருக்குதுங்க. சாவி மேனேஜர்கிட்டங்க." "அப்ப பூட்டை உடைங்க." "நீங்க யாருன்னு சொன்னீங்க?" "தமயந்திண்ணா. தினமும் உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுதானே மேல ஏறறேன்." "கொரலு அவங்க மாதிரித்தான் இருக்குதுங்க. ஆனா போன்ல யாரு சொன்னாலும் ரூமைத் திறக்காதேன்னு மேனேஜர் எழுதியே ஒட்டியிருக்காருங்க. உங்க போன் நம்பரும் இந்தப் போன்ல தெரியலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, நேர்ல வந்து கார்டைக் காட்டுங்க, நானே கடப்பாரை எடுத்தாறேன்." "சரி, மெயின் கரண்டையாவது அணைங்க." "அணைச்சாலும் அது ஓடுமுங்களே மேடம். யூபிஎஸ் இருக்குதே." ஆமாம், இருக்கிறது. லேபுக்கு யூபிஎஸ் வேண்டும், கரண்டு போனால் சோதனை நின்றுவிடும் என்று ஆறு மாசம் மல்லுக்கட்டி வாங்கினாளே. ஆறுச்சாமி போனை வைத்துவிட்டார். கோபப்படப் பார்த்தாள், கோபம் வரவில்லை. கேட்டார், இவள் காட்டவில்லை, மறுத்துவிட்டார். எட்டாங்கிளாஸ் படித்த மனுஷனுக்கு இரண்டு சொல்லும் மனப்பாடமாக இருக்கிறது.

பதினொன்று நாற்பத்திரண்டு. கிணத்துக்கடவு மலைக்கோயில் தெரிந்து மறைந்தது. அவள் மறுபடி வெள்ளிங்கிரிக்கு அடித்தாள், ஏழாவதோ எட்டாவதோ. பக்கத்தில் மடியில் தேங்காய்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, ரொம்ப நேரமாக ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏங்கண்ணு, ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு சொகமில்லீங்களா?" என்று கேட்டாள். "இல்லைங்கம்மா, ஆபீஸ் விஷயம்." "ஆபீஸ் விஷயத்துக்கா இப்படி வேர்க்குது? இந்தா, தண்ணி குடி சாமி." தண்ணீர் குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது வெள்ளிங்கிரியின் கை ஞாபகம் வந்தது. வேப்பம்பள்ளத்தில் போனைக் கொடுத்துக் கட்டைவிரலை வைக்கச் சொன்னாள், திறக்கவில்லை. துடைத்து வைத்தார், திறக்கவில்லை. "ரேசன் கடையிலயும் இதே கதைதானுங்க மேடம். கிரீஸ்லயும் மண்ணெண்ணெய்லயும் ஊறி ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. எந்த மிசினுக்கும் என்னை அடையாளம் தெரிய மாட்டேங்குது" என்று சிரித்தார். மனுஷன் நேரில் நிற்கிறான், அவன் கையை அவன் கை இல்லை என்கிறது ஒரு மிஷின். கையே இல்லாத, முகமே இல்லாத ஒருத்தன் பன்னிரண்டு மணிக்கு வரப்போகிறான், அவனை வாங்க என்று உள்ளே விடப்போகிறது இன்னொரு மிஷின். விடப்போகிறதா? விடாமலும் இருக்கலாம். வியாழக்கிழமை சரியான ஃபோல்டரில்தான் அடித்திருக்கலாம். அடித்திருப்பாள். பதினாறு வருஷத்தில் இந்த மாதிரி தப்பு அவள் செய்ததில்லை. செய்ததில்லை என்பதும் தெரிந்தவரைக்கும்தான். தெரியாமல் செய்தது கணக்கில் வராது. அவள் மூளை ஒரு பக்கம் அடித்தேன் என்றது, விரல் ஆமாம் என்றது, வயிறு மட்டும் இல்லை இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த வயிறுதான் கேஸுக்கும் இல்லை என்று சொன்னது, பூட்டுக்கும் இல்லை என்று சொன்னது. பொய் சொல்லிப் பழகிய சாட்சி.

பதினொன்று ஐம்பது. இனிமேல் கூப்பிடுவதா வேண்டாமா என்றே ஒரு சண்டை. ஏற்கெனவே பத்து மிஸ்டு கால் கிடக்கும். மேலே ஏறி வந்து பார்த்தால் மனுஷன் என்ன நினைப்பார், இந்தப் பொம்பளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, இவள் செய்த பெட்டியை எப்படி நம்புவது என்று நினைப்பார். நினைத்து யாரிடமாவது சொன்னால் ஒப்பந்தம் போகும், சந்தானம் கத்துவார். தன் புத்தி போகிற லட்சணத்தைப் பார்த்துத் தமயந்திக்கே அருவருப்பாக இருந்தது. அங்கே ஒரு ஆளுடைய கை, இங்கே இவளுக்கு மானம். அடி, அடி, நிறுத்தாமல் அடி. பதினொன்றாவது. மணி அடித்து நின்றது. பன்னிரண்டாவது. வெளியே தென்னந்தோப்பு, தென்னந்தோப்பு, ஒரு செங்கல் சூளை, மறுபடி தென்னந்தோப்பு. ஆணியில் தொங்குகிற சட்டை, அதன் பையில் அதிருகிற போன், அந்தச் சத்தம் ஏணி வழியாகக் குழிக்குள் இறங்குகிறதா, தண்ணீர் சொட்டுகிற சத்தத்தில் கரைந்துவிடுகிறதா. ஒருவேளை கேட்டும் வேலை முடியட்டும் என்று விட்டிருப்பார். பாதி கயிறு வெளியே, பாதி உள்ளே, அந்த நேரத்தில் கையை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், நல்ல வேலைக்காரன் எடுக்க மாட்டான். நல்ல வேலைக்காரன் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. பதின்மூன்றாவது. பதினொன்று ஐம்பத்தேழு. கடவுளே, நான் அடித்திருக்க வேண்டும், அந்தச் சொல் அங்கே இருக்க வேண்டும், இருந்தால் இனிமேல் எதற்கும் பயப்பட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். நிறைவேற்ற முடியாத வேண்டுதல் என்று வேண்டும்போதே தெரிந்தது. பதினான்காவது. இந்தத் தடவை மணி பாதியில் நின்றது. எடுத்தாரா, எடுக்கத் தெரியாமல் வெட்டினாரா, சிக்னல் போனதா? "ஹலோ, அண்ணா, ஹலோ" என்றாள். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்முனையில் ஒன்றுமில்லை. மறுபடி அடித்தால் பிஸி. மறுபடியும் பிஸி. திரையின் மூலையில் ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பதாகி, ஐம்பத்தொன்பது ரொம்ப நேரம் ஐம்பத்தொன்பதாகவே இருந்தது. பிறகு பன்னிரண்டு. ஒன்றும் நடக்கவில்லை. பஸ் ஓடிக்கொண்டிருந்தது, தேங்காய்ப் பை அம்மா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், ஒரு குழந்தை ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. எங்கோ எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒருத்தன் வந்து தட்டியிருப்பான். திறந்ததோ இல்லையோ, அது முடிந்துபோயிருக்கும். இனிமேல் பயப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும், பயம் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு ஒன்று. பன்னிரண்டு இரண்டு. மூன்றில் போன் அடித்தது.

"மேடம், நானு வெள்ளிங்கிரி பேசறேனுங்க." பின்னால் மோட்டார் ஓடுகிற இரைச்சல்.

"அண்ணா, எங்க இருக்கீங்க? கை... கை நல்லா இருக்கா?"

"மேலதானுங்க இருக்கறேன். போன் அடிச்சுட்டே இருந்துச்சுங்க. மொதல்ல விட்டுட்டேன். அப்புறமும் நிக்கலீங்க. மக மாசமா இருக்கறா, வலி கிலி வந்திருச்சோன்னு போட்டது போட்டபடி ஏறி வந்துட்டேன். கிரீஸ் கையில போன் வேலை செய்யலே, கட்டாயிருச்சு. யாரு அடிச்சாங்கன்னுகூடப் பார்க்காம மகளுக்குத்தான் போட்டுப் பேசிட்டிருந்தேனுங்க. பேசிட்டிருக்கறப்பவே கீழ மோட்டார் ஓடுதுங்க மேடம். யாரும் தொடலே. பூட்டித்தான் இருந்தது. அதுபாட்டுக்கு ஓடுது. கொக்கியைச் சுத்தி எறிஞ்சிருச்சு, செவுத்துல குத்தி நிக்குது."

தமயந்தி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மெயினை அணைங்கண்ணா. மொதல்ல அதைச் செய்ங்க."

இரைச்சல் குறைந்து, இறங்கி, நின்றது. வெள்ளிங்கிரி மறுபடி வந்தார். மூச்சு வாங்கியது. "உங்களுக்கு எப்படிங்க மேடம் தெரிஞ்சுது? நீங்க கூப்புடலேன்னா எனக்கு இந்நேரம் ரெண்டு கையும் இல்லீங்க. பதினாலு தடவை கூப்பிட்டிருக்கறீங்க. பெத்தவங்ககூட இப்படிக் கூப்பிட மாட்டாங்க. நீங்க நல்லா இருக்கோணும். உங்க கொழந்தை குட்டியெல்லாம் நல்லா இருக்கோணும்."

அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு போயிருக்கலாம். போயிருந்தால் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு, ஏதோ லைன் கோளாறு என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. பெட்டியும் பிழைக்கும், பேரும் பிழைக்கும். அந்த நினைப்பும் வந்து கூடத்தில் உட்காரத்தான் பார்த்தது.

"அண்ணா, அதை ஓட விட்டது நான்தான்" என்றாள்.

"ஏனுங்க?"

"புதன்கிழமை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறதுக்காக ஒரு காவலை எடுத்தேன். திரும்பப் போடலே. போட்டேன்னு நெனச்சேன், வேற எடத்துல போட்டிருக்கேன். பன்னெண்டு மணிக்கு மோட்டாரை ஓட்டச் சொல்லி ஆள் அனுப்பினதும் நான்தான். எல்லாம் நான்தான்ண்ணா." தேங்காய்ப் பை அம்மா முணுமுணுப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிங்கிரி திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிக் கேட்டார்: "அப்ப மறுக்கா எறங்கறப்ப நான் யாரைக் கேட்டுட்டுங்க எறங்கறது?"

அந்தக் கேள்வி அவளை அடித்துப்போட்டது. நான் கேரண்டி என்று சொன்ன வாய்தானே இது.

"இன்னிக்கு எறங்காதீங்க. நான் வீட்டுக்குப் போய் லேப்டாப்பை எடுத்துட்டு நேரா அங்க வரேன். ரெண்டரை மணி நேரம் ஆகும். வந்து சரி பண்றேன். சரி பண்ணிட்டு நான் குழிக்குள்ள எறங்கி, நீங்க நின்ன எடத்துல நிக்கறேன். நீங்க மேல இருந்து, என் லேப்டாப்புல தட்டி அந்தச் சர்ட்டிபிகேட் இல்லாத ஆளை எத்தனை தடவை வேணும்னாலும் அனுப்பிப் பாருங்க. உங்களுக்குப் போதும்னு படற வரைக்கும் நான் ஏற மாட்டேன்."

"ஐயோ, வேண்டாமுங்க மேடம். உள்ள இருட்டு, வழுக்கும். உங்களுக்குப் பயமா இருக்குமுங்க."

தமயந்தி எழுந்து நின்று, நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"பயமாத்தான்ண்ணா இருக்கும்" என்றாள்.